தார்ப்பாய்க்குக் கீழே நிற்பவை

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
சாலமோனின் ஞானம் 9:13-18; பிலமோன் 9-10, 12-17; லூக்கா 14:25-33



கோபுரம் கட்டத் தொடங்கிய ஒருவரைப் பற்றி ஆண்டவர் இன்று பேசுகிறார். கட்ட நினைக்கிறவர் முதலில் உட்கார்ந்து, கையில் இருக்கிற காசு போதுமா என்று கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்கிறார். அடித்தளத்தைப் போட்டுவிட்டு மேலே எழுப்ப முடியாமல் நின்றுபோனால், பார்க்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்களே என்கிறார். இந்த உவமையை நம் பங்கில் எங்கே பார்க்கிறேன் என்று யோசித்தேன். பாதியில் நிற்கிற வீடுகள் திருப்போரூரில் உண்டு. ஆனால் வீட்டை நீங்கள் கடன் வாங்கியாவது முடித்துவிடுகிறீர்கள். முடியாமல் நிற்பவை வேறு. வீடு மந்திரிக்க வரும்போது அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறேன். தார்ப்பாய் போட்டு மூடி, மேலே செங்கல் வைத்த பழைய வண்டிகள்.

அப்படி ஒன்றைச் சொல்கிறேன். யார் வீடு என்று சொல்ல மாட்டேன்; பல வீடுகளுக்குப் பொருந்தும். தார்ப்பாயைத் தூக்கினால் ஒரு பழைய புல்லட்டின் சேசிஸ். சக்கரம் இல்லாமல் இரண்டு கல்லின்மேல் நிற்கிறது. டேங்க் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எஞ்சின் சாக்குக்குள். சிலிண்டர் ஹெட்டைப் பெயின்ட் டப்பாவில் டீசல் ஊற்றி ஊறப் போட்டிருக்கிறார்கள். டீசல் வற்றி அடியில் கறுப்பாகப் படிந்துவிட்டது. நட்டு, போல்ட், வாஷர் எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். எது எங்கே பூட்ட வேண்டியது என்று கழற்றிய அன்று கைக்குத் தெரிந்திருக்கும். இன்று தெரியாது. கார்புரேட்டர் எங்கே என்று கேட்டேன். "ஜி.பி. ரோட்டுல ஒரு கடையில குடுத்திருக்கேன் சாமி, போய் வாங்கணும்" என்றார். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. வண்டி நிற்கிற அந்த இடத்தில்தான் முன்பு அவர் கறிவேப்பிலையும் முருங்கையும் வைத்திருந்தார்.

அந்தப் புல்லட்டுக்குப் பின்னால் ஒரு யெஸ்டி. அதற்கும் பின்னால், சுவரோடு சாய்த்து, ஒரு சேத்தக்.

பழைய வண்டியைச் சீராக்கும் இந்த ஆசையை நான் குறை சொல்ல வரவில்லை. நம் மாவட்டத்தின் கைகள் வண்டியோடு பழகிய கைகள். 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் செய்தார்கள். இன்று அதே வண்டி ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உருவாகிறது. உங்களில் எத்தனையோ பேரின் பிள்ளைகள் அந்தப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறுகிறார்கள். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். ஹெரால்டு கார் அங்கே வந்தது. 1988-ல் அந்தக் கம்பெனியின் தயாரிப்பே நின்றது. ஆகவே இன்று ஒரு ஹெரால்டைக் கையில் எடுக்கிறவருக்கு அந்தக் கம்பெனியிலிருந்து உதிரிபாகம் வராது. புதுப்பேட்டைச் சந்துகளில் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். ஒருவர் இவ்வளவு பாடுபட்டு, ஊர் தூக்கி எறிந்த இரும்பை மீண்டும் ஓட வைக்கிறார் என்றால் அதை நான் மதிக்கிறேன். பாழானதைச் சீராக்குவது கடவுளுக்குப் பிடித்த வேலை. விவிலியம் முழுக்க அவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

கேள்வி இரண்டாவது வண்டியைப் பற்றியது. அது எப்படி வந்தது?

பலரிடம் பொறுமையாகக் கேட்டிருக்கிறேன். கதை ஒன்றுபோலவே இருக்கிறது. முதல் வண்டியைப் பிரித்தபோது உற்சாகம். கிராங்க் போய்விட்டது, ரீபோர் செய்ய வேண்டும், மட்கார்டு மக்கிவிட்டது, குரோம் பிளேட்டிங் புதிதாகப் போட வேண்டும் என்று மெக்கானிக் ஒவ்வொன்றாகச் சொன்னபோது மனம் சோர்ந்தது. அந்த வாரத்தில்தான் யாரோ, செங்கல்பட்டில் ஒருவர் வீட்டில் ஒரு யெஸ்டி சும்மா கிடக்கிறது, கேட்டால் கொடுத்துவிடுவார் என்று சொல்லியிருப்பார். உடனே கால் அங்கே ஓடியது. முதல் வேலையின் கடினத்தைப் பார்க்காமல் இருக்க இரண்டாவது வேலை வாங்கப்பட்டது. இரண்டாவது கடினமானபோது மூன்றாவது வந்தது. தொடங்கும்போது கிடைக்கிற மகிழ்ச்சி ஒன்று இருக்கிறது. அதற்கு உழைப்பு வேண்டாம், காத்திருப்பு வேண்டாம். அந்த மகிழ்ச்சிக்கு மனம் பழகிவிட்டால், முடிக்கிற வேலை எல்லாம் தண்டனை மாதிரித் தெரியும். இது வண்டியோடு நிற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். நோன்பு தொடங்குகிறோம், செபமாலை தொடங்குகிறோம், சண்டை போட்ட தம்பியிடம் பேசத் தொடங்குகிறோம். சாம்பல் புதனன்று ஆலயம் நிரம்புகிறது. நான்காம் வாரத்தில் சிலுவைப் பாதைக்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்று பீடத்தில் நிற்கிற எனக்குத் தெரியும்.

மாமல்லபுரம் நமக்கு வெகு தூரமில்லை. பிள்ளைகளைப் பலமுறை கூட்டிப் போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது ஐந்து ரதங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் நிலத்தில் கிடந்த பாறையையே செதுக்கி உருவாக்கியவை. பாண்டவர் பெயர்களைப் பின்னால் வந்த மக்கள் வைத்தார்கள். அவற்றில் வேலை முடியாமல் நின்ற இடங்கள் கண்ணுக்கே தெரியும். பீம ரதத்தின் கீழ்ப்பகுதி கரடுமுரடாகவே நிற்கிறது. ஊரின் மேற்குப் பக்கம் வலையன்குட்டை ரதமும் இரண்டு பிடாரி ரதங்களும் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகாத இடம். மேல்தளங்களில் சிகர வேலை தெளிவாக இருக்கும். கீழே வெறும் பாறை. முடிக்காமல் விட்ட குகைகளில் இன்னொன்றையும் பார்க்கலாம். பாறையில் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டி, நடுவில் நிற்கும் கட்டிகளைத் தட்டி எடுத்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறார்கள். உளி எங்கே நின்றதோ அங்கே அந்தக் கட்டிகள் இன்றும் நிற்கின்றன.

அவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்பதை ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறேன். என்னைத் தொட்டது அவர்களின் முறை. மேலிருந்து கீழே வந்தார்கள். உச்சியை முடித்துவிட்டு அடுத்த தளத்துக்கு இறங்கினார்கள். ஆகையால் வேலை நின்ற நாளில், செய்த அளவு செய்து முடிந்ததாக இருந்தது. 1,300 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பாதியைப் பார்க்க உலகம் வருகிறது. 1984-ல் யுனெஸ்கோ மாமல்லபுரத்தின் சின்னங்களை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. நம் வாசலில் நடப்பது நேர் எதிர். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முழு வண்டியையும் பிரித்துப் போடுகிறோம். பிரித்ததில் ஒன்றையும் முடிப்பதில்லை. கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து ஒவ்வொரு பாகத்திலும் தடவுகிறது. கழற்றும் முன் ஓடாத வண்டியாவது இருந்தது. கழற்றிய பின் வண்டியே இல்லை. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்வதை நானும் சொல்கிறேன்: ஒன்றைக் கழற்று, சுத்தம் செய், பூட்டு, பிறகு அடுத்தது. ஆன்மீக வாழ்வில் நான் பார்த்தவரை இதைவிட நல்ல முறை கிடையாது. பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர் தன் வாழ்க்கை முழுவதையும் அன்றே மாற்றப்போவதாகச் சொன்னால் எனக்குக் கவலையாக இருக்கும். இந்த வாரம் குடிக்க மாட்டேன் சாமி என்று சொல்கிறவருக்கு நம்பிக்கையோடு ஆசீர் கொடுக்கிறேன்.

இப்போது நற்செய்திக்குத் திரும்புவோம். கோபுர உவமையைப் பலரும் சிக்கனத்துக்கான பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். பணம் சேர், திட்டமிடு, பிறகு தொடங்கு என்று. ஆனால் ஆண்டவர் அந்தப் பேச்சை எங்கே கொண்டுபோய் முடிக்கிறார் என்று பாருங்கள். 33ஆம் வசனம். தன்னிடம் உள்ளதை எல்லாம் விட்டுவிடாத எவரும் தமக்குச் சீடராக இருக்க முடியாது என்கிற கருத்தில் முடிக்கிறார். கணக்குப் பார்க்கச் சொன்னவர், இன்னும் சேர்த்துக்கொள் என்று சொல்லவில்லை. விட்டுவிடு என்கிறார். உண்மையாகக் கணக்குப் பார்க்கிற எவருக்கும் தெரிய வரும் செய்தி இதுதான்: எல்லாவற்றையும் நம்மால் முடிக்க முடியாது. இன்று பதிலுரைப் பாடலில் பாடிய 90ஆம் திருப்பாடலும் நம் நாள்களை எண்ணக் கற்றுத் தரும்படி கேட்கிற செபம்தான். காசைவிட நாள்தான் முதலில் தீர்ந்துபோகிறது. மூன்று வண்டிக்கு உங்களிடம் ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. ஒரு வண்டிக்கு இருக்கலாம்.

காகிதக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். பதிவு 15 ஆண்டில் முடிகிறது. பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டி ஓட வேண்டும். 50 ஆண்டைத் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு ஒன்றிய அரசு 2021 ஜூலையில் தனி விதி கொண்டுவந்தது. 'விஏ' எழுத்துகளோடு எண் கிடைக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பத்தாண்டு செல்லும். ஆனால் அதில் தினமும் வேலைக்குப் போக முடியாது. கண்காட்சிக்கும் பழைய வண்டி அணிவகுப்புக்கும் அது போன்றவற்றுக்கும்தான் சாலையில் இறக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கிய பலர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொன்ன ஆண்டவர் இதையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விட்டுவிடுவது எளிதல்ல என்பதை அறிவேன். ஏனென்றால் முதல் வண்டி பெரும்பாலும் விலைக்கு வாங்கியதல்ல. அப்பாவுடையது.

இந்த இடத்தில் நான் மெதுவாகப் பேச விரும்புகிறேன். அந்த வண்டியின் டேங்க் மேல் உட்கார்ந்துதான் நீங்கள் சிறு பிள்ளையாகக் கோவளம் கார்மல் மாதா திருவிழாவுக்குப் போனீர்கள். அம்மா பின்னால் தங்கையை மடியில் வைத்திருந்தார். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் விளையாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினீர்கள். அவர் இறந்த பிறகு, அடக்கம் முடிந்து, நாற்பதாம் நாள் பூசையும் முடிந்து, உறவினர் எல்லாம் போன பின் செய்வதற்கு ஒன்றுமில்லாத ஒரு மாலையில் ஸ்பேனரை எடுத்தீர்கள். அந்த வண்டியைக் கழற்றியது துக்கம். அதன் பிறகு பூட்டக் கை வரவில்லை. பூட்டி முடித்துவிட்டால் அப்பாவோடு சேர்ந்து செய்கிற கடைசி வேலையும் முடிந்துவிடும் என்று உள்ளே ஒரு பயம். ஆர்.சி. இன்றும் அவர் பெயரில். வண்டி உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31ஆம் படிவம் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். அந்தப் படிவத்தில் இறப்புச் சான்றிதழை இணைக்கக் கை நடுங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நான் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தந்தையை இந்தப் பீடத்தின் முன் வைத்துச் செபித்து இறைவனின் கையில் ஒப்படைத்தோம். அவர் அங்கே இருக்கிறார். தார்ப்பாய்க்குக் கீழே இல்லை. அந்த இரும்பு துருப்பிடிப்பதைப் பார்த்து ஒவ்வொரு மழைக்காலத்திலும் உங்கள் மனம் குத்துகிறதே, அந்தக் குத்தலை அவர் உங்களிடம் கேட்கவில்லை.

இன்றைய இரண்டாம் வாசகம் பவுல் பிலமோனுக்கு எழுதிய சிறு கடிதம். சிறையில் தமக்குப் பணிவிடை செய்த, பிலமோனின் அடிமையான ஒனேசிமுவைத் தம்மோடு வைத்துக்கொள்ளப் பவுலுக்கு ஆசை. அதை ஒளிக்காமல் எழுதுகிறார். தம் இதயத்தையே அனுப்புவது போல இருக்கிறது என்றும் சொல்கிறார். இருந்தும் அனுப்பிவிட்டார். ஒனேசிமு ஒரு மனிதர், எந்தப் பொருளோடும் அவரை நான் சேர்த்துப் பேசவில்லை. பவுலின் மனத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். உயிரைப் போல நேசிப்பதையும் கையைத் திறந்து கொடுக்க முடியும் என்று காட்டிய மனம் அது. ஒனேசிமுவைத் தம்மிடமே நிறுத்தியிருந்தால் பிலமோன் வீட்டில் ஒரு சகோதரன் பிறந்திருக்க மாட்டான்.

எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி முடித்துவிட்டால் அது பாதி உண்மைதான். முடிக்க வேண்டியதும் உண்டு. இறைவாக்கினர் ஆகாயின் நூலை வீட்டில் எடுத்து வாசியுங்கள், இரண்டே அதிகாரம். பாபிலோனிலிருந்து திரும்பி வந்த மக்கள் இடிந்த ஆலயத்துக்கு அடித்தளம் போட்டார்கள். எதிர்ப்பு வந்தது, வேலை நின்றது. ஆண்டுகள் போயின. தங்கள் வீடுகளுக்கு மரப்பலகை அடித்து அழகு செய்தார்கள். ஆலயத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தாரியு அரசரின் இரண்டாம் ஆண்டு, ஆறாம் மாதம் முதல் நாள் ஆகாய் பேசினார். அவர் சொன்ன வழி மிக எளியது. மலைக்குப் போய் மரம் கொண்டுவரச் சொன்னார். அதே மாதம் 24ஆம் நாள் வேலை தொடங்கிவிட்டது. தாரியுவின் ஆறாம் ஆண்டில் ஆலயம் முடிந்தது. அந்த நூலில் எனக்குப் பிடித்தது நாள்கள்தான். எந்த மாதம், எத்தனையாம் தேதி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முடிகிற வேலைக்குத் தேதி இருக்கும்.

நம் ஊரில் இதற்குச் சாட்சி தெருவிலேயே நிற்கிறது. கந்தசாமி கோயில் தேரும் பழைய வண்டிதான். மாசித் திருவிழா வருகிறது என்றால் மூடியிருந்த தகரத்தை எடுக்கிறார்கள், ஆசாரி மரத்தைத் தட்டிப் பார்க்கிறார், சக்கரத்தையும் அச்சையும் பார்க்கிறார்கள், வடம் சரியாக இருக்கிறதா, முட்டுக்கட்டை போதுமா என்று சோதிக்கிறார்கள். தேதி தள்ளிப்போக முடியாது. ஊரே வடம் பிடிக்கக் காத்திருக்கிறது. நம் ஆலயத் திருவிழாவிலும் அப்படித்தானே? கொடியேற்றத்துக்கு முன்பே மாதா தேரின் சக்கரத்துக்குக் கிரீஸ் போட இளைஞர்கள் வந்துவிடுகிறார்கள். அதே இளைஞர்களின் வீட்டில்தான் வண்டிகள் பாதியில் நிற்கின்றன. தேருக்கு ஒரு நாள் உண்டு, இழுக்க ஆள் உண்டு. வீட்டு வண்டிக்கு நாளும் இல்லை, துணையும் இல்லை. ஒருவர் மட்டும் தனியாகச் சுமந்தால் எந்த வேலையும் கனக்கும்.

பக்கத்து வீட்டாரின் நல்ல எடுத்துக்காட்டைச் சொல்ல நாம் தயங்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் மதுரையிலிருந்து இங்கே வந்த சிதம்பர சுவாமிகள் பனங்காட்டில் பாழடைந்து கிடந்த கந்தசாமி கோயிலை மறுபடி எழுப்பினார் என்று ஊரார் சொல்கிறார்கள். வந்தவர் இந்த ஒன்றிலேயே நின்றார். அதை முடித்தார்.

ஆகவே உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். இன்று சாயந்திரம் வீட்டில் குடும்பமாகத் தார்ப்பாயை எடுங்கள். மனைவி மக்கள் பக்கத்தில் இருக்கட்டும்; இதுவரை அவர்களிடம் கேட்டதில்லை என்றால் இன்று கேளுங்கள். ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் வண்டி என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நாள் குறியுங்கள். நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் நினைவு நாள், கல்லறைக்கு அந்த வண்டியில் போகலாம். இந்த ஆண்டு முடியாவிட்டால் அடுத்த ஆண்டு. அன்பியத்தில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வாய்விட்டுக் கேளுங்கள்.

மற்ற வண்டிகளைக் கொடுத்துவிடுங்கள். நம் பங்கில் ஐ.டி.ஐ. படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சொந்தமாகக் கழற்றிப் பூட்டிப் பழக அவர்களுக்கு ஒரு எஞ்சின் கிடைப்பதில்லை. உங்கள் சாக்குக்குள் கிடக்கிறது. முடிக்கும் திறமையுள்ள இன்னொருவர் கேட்டால் அவருக்குக் கொடுங்கள். விற்று வருகிற பணத்தில் ஒரு பங்கு வின்சென்ட் தே பவுல் சபைக்கு வந்தால் ஒரு பிள்ளையின் கல்விக் கட்டணம் ஆகும். காகிதம் இல்லாமல் எதையும் கைமாற்ற வேண்டாம். பெயர் மாற்றிக் கொடுங்கள், வாங்குகிறவர் நாளை சிக்கலில் மாட்டக் கூடாது.

திருப்பலி முடிந்ததும் புது வண்டிகளை மந்திரிக்கக் கொண்டுவருகிறீர்கள். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்துக்கூடச் சிலர் கொண்டுவருகிறீர்கள். இனிமேல் பழைய வண்டியையும் கொண்டுவாருங்கள். ஓடாவிட்டால் தள்ளிக்கொண்டு வாருங்கள். முடிக்கப் போகிற வண்டி, கொடுக்கப் போகிற வண்டி, இரண்டுக்கும் தீர்த்தம் தெளித்துச் செபிக்கிறேன். படிவம் 31 எழுதத் தெரியாதவர்கள் இறப்புச் சான்றிதழையும் ஆர்.சி.யையும் எடுத்துக்கொண்டு பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.